வாயில் கவ்விய வெள்ளைத் தாள்

வாளை உறையிலிருந்து உருவுவதற்கு முன் அவர் ஒரு வெள்ளைத் தாளை இரண்டாக மடித்து உதடுகளுக்கு நடுவில் கவ்விக்கொள்வார். மூச்சின் ஈரம் இரும்பில் படக்கூடாதாம். ஜப்பானியர்கள் அப்படித்தான் செய்வார்களாம். அதற்காகவே வெற்றிலை போடுவதை விட்டவர் அவர். மனைவி உயிரோடு இருந்தபோது எவ்வளவோ கெஞ்சியும் விடாத வெற்றிலையை, முதல் வாள் வீட்டுக்கு வந்த அன்றே விட்டுவிட்டார் என்று எங்கள் காஜா பேராங் தெருவில் சொல்வார்கள்.

தாள் வாயில் இருக்கும்வரை அவர் பேசமாட்டார். யார் வந்து நின்றாலும் இடது கையைத் தூக்கி இரு என்று காட்டுவார். பழைய எண்ணெயைத் துடைத்து, வெள்ளைப் பொடி கட்டிய சிறு துணி மூட்டையால் வாளின் மேல் மெல்லத் தட்டி, அதையும் துடைத்து, பெண்டஹாரா சாலை மரைக்காயர் கடையில் வாங்கிய கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டுப் பூசி முடிக்கும்வரை வந்தவர் நிற்கவேண்டும். பலர் நின்றிருக்கிறார்கள். அவர்களில் அதிக காலம் நின்றவள் என் அம்மா.

ஜப்பான் சண்டைக்கு முன் அவர் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவது அவர் வேலை. என் அப்பாவும் அம்மாவும் அந்த வரிசையில் நின்றவர்கள். ஜப்பான்காரன் காலம் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, தோட்டத்தை விட்டு மலாக்கா டவுனுக்கு வந்து ஓர் ஏலக் கடையில் கிராணியாகச் சேர்ந்தார். நாங்கள் அதை லேலோங் கடை என்போம். தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இல்லை. நேரில் ஐயா. முதுகுக்குப் பின்னால் கத்திக் கிராணி.

துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. மெர்டேக்கா, சுதந்திரம், வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததுமே தோட்டத்துப் பங்களாக்களில் லேலோங் தொடங்கிவிட்டது. பியானோ, ஐஸ் பெட்டி, தொட்டில், புலித்தோல் என்று புல்தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். எல்லோரும் பியானோவைச் சுற்றி நிற்கும்போது இவர் மட்டும் குடை செருகி வைக்கும் ஜாடியிடம் போவார். துரைகள் அதில்தான் வாள்களையும் செருகி வைத்திருப்பார்களாம். குதிரைப்படைக்காரனின் வளைந்த வாள், கப்பல்காரனின் குட்டை வாள், சரணடைந்த ஜப்பானிய ஆபிசரிடமிருந்து வாங்கி நினைவுக்காக வைத்துக்கொண்ட நீண்ட வாள். மாதம் ஒன்று என்று சேர்த்ததில் கூடத்துச் சுவர் நிறைந்துபோனது.

அந்தச் சுவருக்கு முன்னால் அவர் வேறு மனிதராகிவிடுவார். "இவரு பர்மா வரைக்கும் போயிட்டு வந்தவரு" என்பார். "இவருக்கு நுனி கொஞ்சம் ஒடிஞ்சிருக்கு, பாவம்" என்பார். வாள்களுக்கு அவர், இவர். மனிதர்களுக்கு அப்படியில்லை. எங்கள் அம்மா அந்த வீட்டைப் பெருக்கி, துணி துவைத்து, பாத்திரம் கழுவிய அத்தனை வருஷமும் அவளுக்கு "இந்தா", "ஏய், இங்க பாரு" என்பதைத் தவிர வேறு பெயர் இருந்ததில்லை. எனக்கு ஸ்கூல் பொண்ணு.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவர் குரலை உயர்த்திப் பேசி நாங்கள் கேட்டதில்லை. தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார். எனக்குத் தன் பழைய ஆங்கில அகராதியைக் கொடுத்தார், கேட்காமலே. ஆனால் ஒருமுறை துடைத்துக்கொண்டிருந்த வாள் நழுவி அவர் உள்ளங்கை கிழிந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் முழங்கை வரை வழிகிறது. அவர் முதலில் வாளைத்தான் துடைத்தார். ரத்தத்தில் உப்பு இருக்கிறது, அரித்துவிடும் என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் துடைத்து, எண்ணெய் பூசி, உறையில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் "துணி இருந்தா குடு" என்றார்.

அவர் பக்கத்து வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய சிட்டி வம்சத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். நாங்கள் பீபீ என்போம். நெற்றி நிறைய விபூதி பூசுவார், மாரியம்மன் என்றால் உருகுவார், ஆனால் தமிழ் வராது, பேச்செல்லாம் மலாய்தான். அன்று அம்மா போய்க் கைக்கட்டு விஷயத்தைச் சொன்னதும் பீபீ சிரித்தார். "டியா சாயாங் பெசி சாஜா" என்றார். அந்த ஆளுக்கு இரும்பின் மேல் மட்டும்தான் பாசம். எங்கள் தெருவில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. கத்திக் கிராணி சைக்கிளில் போனால், பையன்கள் "பெசி சாஜா" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார்.

டவுனில் வேறு வீடுகள் இல்லாமல் இல்லை. கூடக் கொஞ்சம் சம்பளம் தர உஜோங் பாசிரில் ஒரு குடும்பம் கூப்பிட்டது. அம்மா போகவில்லை. ஏன் போகவில்லை என்பது எனக்கு விவரம் தெரிந்தபோதுதான் புரிந்தது. அவள் சம்பளத்துக்காக அந்த வீட்டில் வேலை செய்யவில்லை. ஒரு வார்த்தைக்காகச் செய்தாள்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் காலையில் பெரட்டுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் கேட்டான். களத்தில் நின்றவர்களைப் பெயர் கூப்பிட்டு அப்படியே லாரியில் ஏற்றினார்கள். பெயர் கூப்பிட்டது இவர்தான். முன் லாரியில் ஜப்பானிய ஆபிசரோடு உட்கார்ந்து தம்பின் ரயில் ஸ்டேஷன் வரை போனதும் இவர்தான். சாயங்காலம் லாரிகள் வெறுமையாகத் திரும்பி வந்தன. இவர் திரும்பி வந்தார். சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அப்பாவைப் பற்றி அவர்களில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே, அப்பாவைக் கடைசியாகப் பார்த்த மனிதர் என்று அம்மாவுக்குத் தெரிந்தவர் இந்த உலகத்தில் இவர் ஒருவர்தான்.

செத்தார் என்று சொல்ல ஆள் இல்லாததால் அம்மா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. கல்யாண வீட்டில் ஆலாத்தி எடுக்கக் கூப்பிடுவார்கள். தட்டைக் கையில் எடுத்த பிறகு யாரோ ஒருத்தி இன்னொருத்தி காதைக் கடிப்பாள். "நீ இரும்மா, அவ எடுக்கட்டும்" என்பார்கள். அம்மா தட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்து என் பக்கத்தில் நிற்பாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் காது சூடாகும்.

அவள் கேட்ட நாளில் நானும் கூட இருந்தேன். அவர் ஒரு நீண்ட வாளை மடியில் கிடத்தி, தாளைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, அன்னிக்குத் தம்பின் ஸ்டேஷன் வரைக்கும் நீங்கதான கூடப் போனீங்க. எங்க வீட்டுக்காரரு எதாச்சும் சொல்லி அனுப்புனாரா?"

இடது கை உயர்ந்தது. இரு.

அம்மா இருந்தாள். பொடி தட்டி, துடைத்து, எண்ணெய் பூசி, உறையில் போட்டு, தாளை வாயிலிருந்து எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்த பிறகு, "என்ன கேட்ட?" என்றார். அம்மா மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

"யாரு உன் வீட்டுக்காரன்?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். புருஷன் பெயரைப் பெண்சாதி சொல்லக்கூடாது. அடையாளக் கார்டு எடுக்க வரிசையில் நின்றபோதும், பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தபோதும் இப்படித்தான் பார்த்தாள். எங்கள் வீட்டில் அப்பாவின் பெயருக்கு என் வாய்தான் வாசல். நான் சொன்னேன்.

"அங்கமுத்து."

அவர் நிஜமாகவே யோசித்தார். அதையும் சொல்லவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு, "லாரி லாரியா ஏத்துனோம். யாரைன்னு ஞாபகம் வச்சிக்கிறது?" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. "அந்த எண்ணெய்ப் புட்டிய மூடி வை. வாசம் போயிடும்."

வீட்டுக்கு வரும் வழியில் நான் பொருமினேன். அம்மா, "வயசாகுதுல்ல. ஞாபகம் வந்தா சொல்லிடுவாரு" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பேனா பிடித்தவள் நான். கான்வென்ட்டில் சேர்ந்து, ஆங்கிலத்தில் பேசினால் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லத் தெரிந்தவள். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கமாட்டேன். ஆனால் அந்த ஆங்கிலம் அம்மாவுக்கு என்னத்துக்குப் பயன்பட்டது என்று நினைத்தால் கசக்கிறது.

மெர்டேக்காவுக்குச் சில மாதம் முன்பு, ஒரு வெள்ளைக்கார ராணுவ ஆபிசர் வாள்களைப் பார்க்க வந்தார். நான் அவர் வீட்டுச் சமையலறையில் பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா தேநீர்த் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். கூடத்தில் கிராணியின் குரல் உற்சாகமாக ஏறியது. எப்படி உங்களுக்கு இதில் ஆசை வந்தது என்று வந்தவர் கேட்டிருக்கவேண்டும். இவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அம்மா உள்ளே வந்தாள். "தம்பின் ஸ்டேஷன்னு சொன்னாரே. என்ன சொல்றாரு?"

"வாளைப் பத்திம்மா."

"தம்பின் பேரு காதுல விழுந்துச்சு."

"தம்பின் ஸ்டேஷன்ல அந்த ஜப்பான் ஆபிசரு இடுப்புல பார்த்த வாளு. அதோட குஞ்சம் ஒரு பக்கம் காப்பிக் கலரு, ஒரு பக்கம் நீலமாம். வெயிலு உறையில பட்டு மின்னுச்சாம். நாள் முழுக்க அதுலேருந்து கண்ண எடுக்க முடியலையாம். அந்த மாதிரி வாளு ஒண்ணு கையில வர்ற வரைக்கும் தேடிக்கிட்டே இருப்பாராம்."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆளுங்களப் பத்தி?"

நான் மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அம்மாவிடம் எனக்குப் பொய் வராது.

"கூலிங்க வண்டி ஏறிக்கிட்டு இருந்தாங்கன்னு சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

அவள் கூடத்துக்குப் போய்க் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "குஞ்சம் நீலமா?" என்று கேட்டாள். அந்த ஸ்டேஷனைப் பற்றி அத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே செய்தி அதுதான்.

பிறகு நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த வாளுக்குப் பயந்துதான் அன்று அவர் பெயர் கூப்பிட்டிருப்பார். கூப்பிடாவிட்டால் அவரே லாரியில் ஏறியிருக்கவேண்டும். பயந்ததைத்தான் பின்னாளில் விலைகொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டித் துடைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. அவருக்காக இந்த அளவுதான் என்னால் யோசிக்க முடியும்.

மெர்டேக்கா வந்தது. அந்த வருஷத்து ஆயுத பூசையன்று உஜோங் பாசிரில் கடலோரப் பங்களா ஒன்றில் லேலோங். பூசை நாளாயிற்றே என்று தயங்காமல் சைக்கிளை எடுத்தார். கிளம்பும்போது அம்மாவிடம், "எல்லாத்தையும் தேய்ச்சு வை. துருப் பிடிச்சது எதுவும் சாமி முன்னால இருக்கக்கூடாது. வந்து தேங்கா உடைக்கிறேன்" என்றார். அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, கத்தரிக்கோல், தோட்டத்து மண்வெட்டி, இவற்றைத்தான் சொன்னார். வாள்களை யாரும் தொடமாட்டார்கள். அவற்றுக்கு உறையின்மேல் அவரே சந்தனம் வைப்பார்.

ஆனால் ஒரு வாளை மட்டும் முந்தைய நாள் பிரித்துப்போட்டவர், திரும்பச் சேர்க்க மறந்து, கூடத்து மேசையில் விட்டுவிட்டுப் போயிருந்தார். மூங்கில் ஆணியைத் தட்டிக் கழற்றிவிட்டால் ஜப்பானிய வாளின் கைப்பிடி தனியாக வந்துவிடும். உள்ளே மறைந்திருக்கும் வால்பகுதியில்தான் வாளைச் செய்தவன் தன் பெயரை வெட்டி வைத்திருப்பான். இதில் அது ஏற்கெனவே மங்கி, துருவோடு துருவாகத்தான் தெரிந்தது. அந்த இடத்துத் துருவைத் தொடவே கூடாது. வாளின் வயதே அந்தத் துருவில்தான் இருக்கிறதாம். துரு போனால் எழுத்து போகும், எழுத்து போனால் வாள் அநாதை. இதையெல்லாம் அவர் வெள்ளைக்காரர்களிடம் ஆங்கிலத்தில்தான் சொல்லியிருக்கிறார். எனக்கே பின்னால்தான் தெரியும். வீட்டைப் பெருக்குகிறவளிடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

அம்மா பார்த்தாள். பாதி வாள் கண்ணாடிபோல இருக்கிறது. வாலில் கறுப்பாகத் துரு. சாமி முன்னால் வைக்கிற பொருள். புளியைக் கரைத்தாள், செங்கல்லைப் பொடித்தாள். எங்கள் வீட்டு அரிவாளை எப்படித் தேய்ப்பாளோ அப்படி, மனசாரத் தேய்த்தாள்.

நான் பூசையில் வைக்கப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனபோது பாயில் எல்லாம் வரிசையாக இருந்தன. மண்வெட்டிக்கும் அரிவாள்மணைக்கும் நடுவில் அந்த வாள், நுனி முதல் வால் வரை வெள்ளையாக, மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமுமாகப் படுத்திருந்தது. வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

அவர் உள்ளே வந்தார். பாயைப் பார்த்தார். தாள் கவ்வாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் வாளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாலில் கட்டை விரலை வைத்துத் தடவினார்.

"பேரு எங்க?" என்றார். "ஐயோ, பேரு இருந்துச்சே இங்க. பேர அழிச்சிட்டியே, பாவி!"

அவர் கத்தியதை அன்றுதான் கேட்டோம். அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். "துருதாங்க ஐயா இருந்துச்சு. நீங்கதான் தேய்க்கச் சொன்னீங்க."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வாளை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். சத்தமாக, மூக்கு ஒழுக, சாவு வீட்டில் அழுவதைப்போல. மனைவி செத்தபோது அவர் அழவில்லை என்று பீபீ சொல்லியிருக்கிறார். "எத்தன தலமுறை காப்பாத்தி வச்ச பேரு" என்றார். "இனிமே இது யாருன்னு எவனுக்குத் தெரியும்? யாரு வந்து சொல்லுவா?"

அம்மா சுவரைவிட்டு முன்னால் வந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பேருங்க ஐயா அது?" என்று கேட்டாள்.

அழுகைக்கு நடுவில் அவர் சொன்னார். ஏதோ ஒரு ஜப்பான் பெயர். தடங்கல் இல்லாமல், தன் தகப்பன் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அங்கமுத்து," என்றாள் அம்மா.

என் கையிலிருந்த புத்தகங்கள் எனக்குக் கனத்தன. அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டதேயில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லிப் பழகாத நாக்கு என்பது தெரிந்தது.

அவர் நிமிர்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "என்ன?"

"எங்க வீட்டுக்காரரு பேரு. அங்கமுத்து. நீங்க கூப்பிட்ட பேரு."

அவர் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். புரியாமல் அவளைப் பார்த்தார்.

"எந்த அங்கமுத்து?" என்றார். "எத்தனையோ பேரு இருந்தானுங்க."

அம்மா புளிக்கையைக் கழுவினாள். என் கையிலிருந்த புத்தகங்களில் பாதியைத் தான் வாங்கிக்கொண்டாள். "வா" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை. திரும்ப வேலைக்கு வரச் சொல்லி அவர் பீபீயிடம் சொல்லி அனுப்பினார். அம்மா போகவில்லை. உஜோங் பாசிர்க் குடும்பத்துக்கு வேலைக்குப் போனாள்.

கொஞ்ச நாளில் குடியுரிமைக்குப் பதியச் சொன்னார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் நீண்ட வரிசை. மேசைக்குப் பின்னால் இருந்த மலாய்க்காரர் புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

"அங்கமுத்து" என்றாள் அம்மா. வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாசே ஹீடுப்?" என்று அவர் கேட்டார். உயிரோடு இருக்கிறாரா?

அம்மா அவர் எழுதிய பெயரைப் பார்த்தாள். "தா அடா" என்றாள். இல்லை.

யாரும் சொல்லி அனுப்பாத செய்தியை அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கிராணி பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். வாள்களை லேலோங் கடையே ஏலத்தில் விட்டது. தேய்த்த வாளை மட்டும் கம்பளியில் சுற்றிக் கையோடு கொண்டுபோனார் என்று பீபீ சொன்னார். அங்கே போய்ச் செத்தார் என்று ஒரு பேச்சு.

போன மாதம் கோலாலம்பூரிலிருந்து தமிழ் இளைஞர் ஒருவர் வந்திருந்தார். ஏதோ ஒரு காட்சிச்சாலையில் அந்த வாள்களில் சிலவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்களாம். சேர்த்தவர் பெயரை அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைப்பது வழக்கமாம். லேலோங் கடைக்காரர்கள் மாறிவிட்டார்கள். காஜா பேராங்கில் விசாரித்தபோது, அந்த டீச்சரைக் கேளுங்கள் என்று என்னைக் காட்டியிருக்கிறார்கள். மரியாதையாகப் பேசினார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"வாளெல்லாம் சேர்த்து வச்சிருந்தாரே டீச்சர், ஒரு கிராணி. அவரு பேரு உங்களுக்குத் தெரியும்னாங்க."

தெரியும். தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு தெரியும். அவர் கொடுத்த அகராதியின் முதல் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. அகராதி நாங்கள் உட்கார்ந்திருந்த மேசையின்மேல்தான் இருந்தது. அம்மா காப்பிக் கோப்பையோடு கதவோரம் நின்றாள். நெற்றியில் விபூதி மட்டும். அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

"எந்தக் கிராணி?" என்றேன். "எத்தனையோ பேர் இருந்தாங்க."